சங்கத்துச் சவுக்காரம்

வேப்பெண்ணெயின் கசந்த மணமும் சாம்பல் காரமும் சேர்ந்து மூக்கில் ஏற, நகத்தால் கீறினால் களிமண்போல் நகத்தோடு வரும் அந்தக் கபில நிறச் சோப்புக் கட்டியை எங்கள் அச்சுவேலிச் சந்தையில் ‘சங்கத்துச் சவுக்காரம்’ என்றார்கள். யுத்தத்தோடு வந்த பொருளாதாரத் தடையால் கொழும்புச் சாமான் நின்றுபோய், பனம்பழத்தைப் பிசைந்து சட்டை தோய்த்துக்கொண்டிருந்த காலம் அது. ஊர்ப் பணம் ஊருக்குள்ளேயே சுழல வேண்டும், பிழைப்பை இழந்தவர்களுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று சொல்லி, எங்கள் வணிகர் சங்கம் சந்தைக்குப் பின்னால் ஒரு தென்னோலைக் கிடுகுக் கொட்டில் போட்டுச் சவர்க்காரம் காய்ச்சத் தொடங்கியது.

நல்ல காரியம்தானே என்பீர்கள். எங்கள் ஊரில் நல்ல காரியம் என்றாலே ஒருமுறை மணந்து பார்ப்பார்கள். அம்மா ஒரு கட்டியை வாங்கிக் கிணற்றடியில் வைத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கறிக்கே எண்ணெய் இல்லை. இவையளுக்கு எங்காலை இவ்வளவு எண்ணெய்? மாட்டுக் கொழுப்பை உருக்கி ஊத்துகினம் போலை.”

மச்ச மாமிசம் சமைக்காத சைவ வீடு எங்களுடையது. அப்படித் தோய்த்த வேட்டியோடு கோயிலுக்குப் போவதை நினைத்தும் பார்க்க முடியாது. அந்தப் பேச்சு வீட்டுக்கு வீடு, படலைக்குப் படலை போனது. நானும் கட்டியை எடுத்து மணந்தேன், வேம்புதான் மணந்தது. மாட்டு மணத்தை மறைக்கத்தான் வேப்பெண்ணெய் விடுகிறார்கள் என்று அம்மா அதற்கும் விளக்கம் வைத்திருந்தார்.

கொட்டிலில் நின்று கிண்டியவர் மேரி அக்கா. கரையோரக் குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து எங்கள் வளவுக்குள் குடில் போட்டு இருந்தார். கடலுக்குப் போகத் தடை வந்ததால் புருசனுக்குத் தொழில் இல்லை. மேரி அக்காவின் கூலியில்தான் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். சவர்க்காரம் விற்காவிட்டால் கொட்டிலை மூடிவிடுவார்கள் என்பது அம்மாவுக்கும் தெரியும்.

“நான்தானே அக்கா கிண்டுறன். தேங்காயெண்ணெயும் வேப்பெண்ணெயும்தான். மாதாவாணை, வேறை ஒண்டும் இல்லை.”

“ஓம், ஓம்” என்றார் அம்மா. மாதாமேல் வைத்த ஆணை எங்கள் வீட்டில் செல்லாது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

சங்கத் தலைவர் ஒரு துணிக்கடைக்காரர், ரோசக்காரர். ஒரு சந்தை நாளில் கிடாரத்தைத் தெருவுக்கே கொண்டுவந்து, எல்லாரும் பார்க்கக் காய்ச்சுவித்தார். “வந்து பாருங்கோ, மணந்து பாருங்கோ, வேணுமெண்டால் எண்ணெயை நக்கியும் பாருங்கோ!” என்று கத்தினார். மேரி அக்கா வெயிலில் வியர்த்து வழியக் கிண்டினார். சனம் கடைசிவரை நின்று பார்த்தது. வீட்டுக்கு வரும் வழியில் அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னார்: “இண்டைக்கு நாங்கள் பாக்கிறம் எண்டு தேங்காயெண்ணெய் ஊத்தினவை. நேற்று என்னத்தை ஊத்தினவையோ?”

நேற்றை யாரால் தெருவில் வைத்துக் காய்ச்சிக் காட்ட முடியும்? மாரிக்கு முன் கொட்டிலை மூடிவிட்டார்கள். மேரி அக்கா குடும்பத்தோடு பருத்தித்துறையில் இருந்த உறவினரிடம் போனார். “கண்ணாலை பாத்தும் நம்பாதவைக்கு நான் என்னத்தையக்கா சொல்ல?” என்று படலையில் நின்று கேட்டார். அம்மா வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். மேரி அக்காவின் கடைசி மகள் என் விளையாட்டுத் தோழி. அன்று முழுக்க நான் அம்மாவோடு கதைக்கவில்லை, அவ்வளவு கோபம். சில வாரங்களில் கள்ளமாக வந்த கொழும்புச் சவர்க்காரம் ஆனை விலைக்கு விற்றது. அதை அம்மா மணந்துகூடப் பார்க்காமல் வாங்கினார்.

கொட்டில் இருந்த இடத்தில் இன்று கைத்தொலைபேசிக் கடை. அந்தக் கபிலக் கட்டியை ஞாபகம் வைத்திருப்பவர்களும் அருகிவிட்டார்கள். போன முறை ஊருக்குப் போனபோது இப்போதைய சங்கத்துக்காரர்கள், உள்ளூர் உற்பத்தியை ஆதரியுங்கள் என்று பந்தல் போட்டிருந்தார்கள். அங்கே ஒரு வேம்புச் சவர்க்காரம் வாங்கிவந்து, கண் மங்கிப்போன அம்மாவின் கையில் கொடுத்தேன். விரலால் தடவி, மூக்கருகில் பிடித்தார். சுத்தமான தேங்காயெண்ணெய் என்று சொன்னார்கள் அம்மா, என்றேன்.

“அது கிடக்கட்டும் பிள்ளை” என்றார். “ஆர் காய்ச்சுகினம்?”