கம்பளையில் வாங்கிய வெள்ளைப் பிக்கப்

காலை 6.20. மடுல்கெல்லயிலிருந்து கண்டிக்கு முதல் பஸ். டிக்கெட் பதினொரு ரூபாய் ஐம்பது சதம். தூரம் பதினேழு மைல்தான். ஆனால் வளைவுகளையும் சேர்த்து நம் வயிறு அதை நாற்பது மைலாகக் கணக்குப் பார்க்கும். சன்னலோர இருக்கையை யோகன் மாஸ்டர் கேட்டு வாங்கிக்கொண்டார். அன்றைய முதல் எரிச்சல் அங்கேயே ஆரம்பமானது.

யோகன் மாஸ்டர் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அவர் வரும்வரை எங்கள் இசைக்குழுவில் லீட் கிட்டார் நான்தான். பகலில் தோட்டத்து ஆபீசில் கிளார்க் வேலை, கல்யாண வீடுகளில் பாடகனை விட அதிகக் கைத்தட்டல். நாலு வருடம் அப்படிப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் ஒத்திகைக்கு வந்து என் கிட்டாரை இரவல் வாங்கி மூன்றே நிமிஷம் வாசித்தார். அடுத்த வாரத்திலிருந்து லீட் அவர், நான் பின்னால் நின்று ரிதம் கிட்டார். மனுஷன் எதற்கும் கோபப்படவும் மாட்டார், நான் எவ்வளவு குத்திப் பேசினாலும் சிரித்துவிட்டுப் போவார். அந்தக் குணத்தின் மேலும் எனக்குப் பொறாமை.

மலை ஈரத்தில் எங்கள் இருவருடைய கிட்டாரிலும் பிக்கப் செத்துவிட்டது. தந்தியின் அதிர்வைப் பிடித்து ஆம்பிளிஃபயருக்கு அனுப்புகிற காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும்தான் பிக்கப். அது இல்லாத எலெக்ட்ரிக் கிட்டார் வெறும் பலகை. வருகிற சனிக்கிழமை கண்டி ஹோட்டல் மேனேஜர் ஒருவர் எங்கள் இருவருடைய வாசிப்பையும் கேட்கப் போகிறார். வாரக் கடைசி வேலைக்கு ஒரு கிட்டார்காரன் போதுமாம். அந்த ஒருவன் நானாக இருக்கவேண்டும் என்பதைத் தவிர அந்த வாரம் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

பிறகு ஏன் சேர்ந்து போனோம் என்று கேட்பீர்கள். பிக்கப் தேர்ந்தெடுக்க அவருடைய காது எனக்குத் தேவை. யுத்த காலத்தில் வழி நெடுகச் சோதனை. அவருக்குச் சிங்களம் சுத்தமாக வராது, அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அதனால் என் வாய் அவருக்குத் தேவை.

8.10. கண்டி. ஸ்டேஷனில் பாணும் சம்பலும், ஒரு பிளேன்டீயும். கம்பளைக்கு மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஆறு ரூபாய். பேராதனை தாண்டியதும் மகாவலி கலங்கிய தண்ணீரோடு கூடவே வந்தது. மாஸ்டரின் விரல்கள் வழியெல்லாம் முழங்காலில் எதையோ வாசித்துக்கொண்டிருந்தன. பார்க்கக் கூடாது என்று நினைத்து நினைத்துப் பார்த்துக்கொண்டே போனேன்.

10.15. கம்பளை. ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிஷ நடையில் ரேடியோ திருத்தும் கடை. உரிமையாளர் சிங்களவர், எல்லாரும் கூப்பிடுவது போல நானும் பாஸ் என்றேன். உடைந்த ஜப்பான் கிட்டார்களிலிருந்து கழற்றிய பிக்கப் இரண்டு வைத்திருந்தார். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. கடையிலிருந்த கிட்டாரின் தந்திகளுக்கு மேலே பிக்கப்பைக் கையால் பிடித்து, வயர் நுனிகளைச் சின்ன ஆம்பிளிஃபயரில் தொடுத்தார். பக்கத்துக் கடைக்காரர் சத்தம் போடுவார் என்று ஒலியைக் குறைத்தே வைத்தார். மாஸ்டர் ஒவ்வொன்றையும் வாசித்துப் பார்த்தார், ஒரு ஆணியால் மெல்லத் தட்டியும் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பாஸ் என்னிடம் சிங்களத்தில் நேர்மையாகச் சொன்னார். கறுப்பில் சுருள் தளர்ந்திருக்கிறது, ஒலியைக் கூட்டினால் விசிலடிக்கும், மேடைக்கு வெள்ளைதான். வெள்ளை அறுநூறு ரூபாய், கறுப்பை ஐந்நூறுக்குத் தரலாம் என்றார்.

நான் மாஸ்டரிடம் திரும்பி, மேடைக்குக் கறுப்புதான் என்று பாஸ் சொல்வதாகச் சொன்னேன். அதோடு விடவில்லை, உங்களுக்காக நூறு ரூபாய் குறைத்துப் பேசியிருக்கிறேன் என்றும் அளந்தேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பெரிய உதவி என்று சொல்லிக் கறுப்பை வாங்கிப் பையில் போட்டார். வெள்ளை என் சட்டைப் பைக்குள் வந்தது. சோற்றுக் கடையில் அன்று நான் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

பிற்பகல் 1.40. ரயில் போய்விட்டதால் பஸ். கெலிஓயாவைத் தாண்டிச் சோதனைச் சாவடி. மாஸ்டர் அதைத் தூரத்திலேயே சன்னலால் பார்த்து அடையாள அட்டையைக் கையில் எடுத்துவிட்டார். சன்னலோரம் ஏன் கேட்டார் என்று அப்போதுதான் விளங்கியது. எல்லாரையும் இறக்கினார்கள். அவர் பையில் காந்தமும் கம்பிச் சுருளும் வயரும் இருந்ததைக் கண்டு ஆமிக்காரன் இது என்னவென்று கேட்டான். மாஸ்டர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். கிட்டார் சாமான் என்று வாசித்துக் காட்டுவதுபோல் கையை ஆட்டி விளக்கினேன். அடுத்த கேள்வி: இந்த ஆளை உனக்குத் தெரியுமா?

தெரியாது என்றால் சனிக்கிழமை நான் ஒருவன்தான். அப்படி ஒரு நினைப்பு வந்ததை மறைத்து எழுத எனக்கு மனம் இல்லை. தெரியும், எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார், என்னோடுதான் வந்தார் என்றேன். விட்டுவிட்டார்கள். இருவரும் பஸ்ஸில் ஏறினோம்.

4.30. கண்டியில் மாறி ஏறிய பஸ் வத்தேகமவைத் தாண்டியபோது என்னால் பொறுக்க முடியவில்லை.

"மாஸ்டர், கறுப்பு நல்லதுன்னு பாஸ் சொல்லல. விசிலடிக்கும்னுதான் சொன்னாரு. நான்தான் மாத்திச் சொன்னேன்."

"தெரியும். ஆணியால தட்டேக்கையே விளங்கிட்டுது."

"அப்புறம் ஏன் வாங்குனீங்க?"

அவர் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னார். "கடையில வைச்சு உம்மோட கொழுவிச் சண்டை பிடிச்சுப்போட்டு, செக்பொயின்ற்றில ஆரைக் கூப்பிடுறது?"

வெள்ளைப் பிக்கப்பை எடுத்து அவர் மடியில் வைத்தேன். அவர் அதைத் திரும்ப என் பையிலேயே போட்டார்.

"வைச்சிரும். மாசக் கடைசியில கல்வி ஒபிஸ் அலுவலாத் திரும்பவும் கண்டிக்குப் போகவேணும். நீர் வருவீர்தானே?"

வருவேன் என்றேன். 5.25க்கு மடுல்கெல்லயில் இறங்கினோம். அவர் தன் குவாட்டர்ஸ் பக்கம் நடந்தார், நான் லயத்து வீட்டு வரிசைகளுக்குப் போகும் பாதையில் ஏறினேன். ஒன்றரை வருடமாக அவர் என்னோடு ஒருநாள்கூடக் கோபப்படாததை அவருடைய குணம் என்று நினைத்து, நான் அதற்கும் பொறாமைப்பட்டிருந்தேன்.