ஆறாவது விரல்

"இந்தக் கை ஒரு தடவ வரைஞ்சத மறு தடவ வரையாது. வரைஞ்சா வெட்டி சாரந்த் ஆத்துல போட்டுடுங்க!"

பிரான்சின் அங்குலேம் நகர வானொலியில் தியெரி கெர்வெல்லா இப்படி முழங்கி இருபத்தோரு வருடமாகிறது. ஆறு அன்றிலிருந்து பொறுமையாகக் காத்திருந்தது.

மழையில் சைக்கிள் மிதிக்கும் ஒரு தபால்காரரையும் அவருடைய கோபக்கார வாத்தையும் வைத்துப் பதினெட்டுப் படக்கதை ஆல்பங்கள் போட்ட வரைகதைக்காரர் தியெரி. உலகப் புகழ் அவர் தெருமுனை வரை வந்து, விலாசம் தவறென்று திரும்பிவிட்டது. ஆனால் ஜனவரி வரைகதைத் திருவிழாக் கூடாரத்தில் அவர் மேசைமுன் வரிசை நீளும். புத்தகத்தின் முதல் பக்கத்தில் வாசகர் பெயரெழுதி, ஒரு படமும் இலவசமாக வரைந்து தருவது அங்கே வழக்கம். மற்றவர்கள் ஒரே மூக்கை நூறு பேருக்கு வரைந்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள். தியெரி ஆளுக்கொரு புதுப் படம் போடுவார். சேகரிப்பாளர் சங்கத் தலைவர் பொத்ரி பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு, ஒவ்வொன்றையும் படம்பிடித்து நோட்டில் எண் கொடுப்பார். கோவில் பட்டருக்குக்கூட அவ்வளவு சிரத்தை இருக்காது.

"வாசகருங்க கொறஞ்சுட்டாங்க தியெரி" என்று பதிப்பாசிரியை போன மாதம்தான் சொல்லியிருந்தார். "ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காதுன்னுதான் சங்கத்துக்காரங்க வாங்குறாங்க. அவங்களும் விட்டுட்டா பத்தொன்பதாவது ஆல்பம் கெடையாது." ஆக, தபால்காரரின் உயிர் பொத்ரியின் நோட்டில் ஊசலாடியது.

சனிக்கிழமை மதியம் ஒரு தம்பதி சண்டை போட்டுக்கொண்டே வரிசையில் நகர்ந்து வந்தார்கள். மனைவி சொலான்ஜ், கணவர் ஃபிர்மேன். மேசையில் ஒரு பழைய ஆல்பமும், அதே ஆல்பத்தின் புதுப் பிரதியும் வைத்தார்கள்.

"நாங்க பிரியறோம், முசியே" என்றார் சொலான்ஜ். "வீடு, கார், பூனை எல்லாம் பிரிச்சாச்சு. இது மட்டும்தான் தீரல."

பழைய பிரதியைத் திறந்தார் தியெரி. 'சொலான்ஜுக்கும் ஃபிர்மேனுக்கும்.' பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய தேதி. கொட்டும் மழையில் தபால்காரர் வாத்துக்குக் குடை பிடித்துவிட்டுத் தான் நனைகிறார்.

"இதே படத்த இதுலயும் போட்டுக் குடுங்க."

"இதவிட நல்லதா ஒண்ணு வரைஞ்சு தரேனே?"

"நல்லது யாருக்கு வேணும்? இதுதான் வேணும்" என்றார் ஃபிர்மேன். "கல்யாணத்துக்கு மறுநாள் வாங்கினது. அந்த நனையற ஆளு நான்."

"ஆமா, பெரிய தியாகி! குடை பிடிச்சதெல்லாம் நான். நீதான் வாத்து."

"அந்த ஆறு விரலையும் விட்டுடாதீங்க முசியே" என்றார் ஃபிர்மேன்.

தியெரி குனிந்து பார்த்தார். குடை பிடித்த கையில் ஆறு விரல். அவசரத்தில் விழுந்த பிழை.

"எங்களுக்குள்ள எவ்ளோ பெரிய சண்டை வந்தாலும், இவரு அந்தப் பக்கத்தத் தொறந்து ஆறு விரலையும் எண்ணுவாரு" என்றார் சொலான்ஜ். "எனக்குச் சிரிப்பு வந்துடும். இந்தத் தடவ வரல."

வரிசையில் யாரோ கனைத்தார்கள். பொத்ரி கைபேசியை உயர்த்தினார்.

"தியெரி, விளையாடாத" என்று காதோரம் முணுமுணுத்தார். "இது நம்பர் ஆயிரத்து நூத்திப் பன்னெண்டு. ஏற்கெனவே என் நோட்டுல இருக்கு. ரெண்டாவது ஒண்ணு வந்தா சங்கத்துல நான் என்னத்தச் சொல்ல?"

தியெரி தூரிகையை மையில் தோய்த்தார். புதிதாக வரையும்போது பறக்கும் கை, தன் பழைய கோட்டின் பின்னால் நொண்டியது. அந்த மழைத்துளிகளைப் போட்ட அன்றைய தியெரி இப்போதையவரைவிடத் துணிச்சல்காரன். ஒவ்வொரு துளியாக, அவன் போட்ட இடத்திலேயே போட்டார். தபால்காரர் வந்தார், வாத்து வந்தது, குடை வந்தது.

"பேரு?" என்று கேட்டார். "ஒருத்தர் பேரு மட்டும் போதுமா?"

ஃபிர்மேன் சொலான்ஜைப் பார்த்தார். சொலான்ஜ் வாத்தைப் பார்த்தார்.

"பழசுல இருக்கற மாதிரியே எழுதுங்க" என்றார் சொலான்ஜ்.

தியெரி இரண்டு பெயரையும் எழுதினார். பொத்ரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு திணறினார். "இதுக்கு என்னய்யா நம்பர் போட?"

"புது நம்பர் வேணாம். பழசே இருக்கட்டும்" என்ற தியெரி, குடை பிடித்த கையில் ஐந்து விரல்களை முடித்து, ஒரு கணம் நிறுத்தி, ஆறாவதையும் வரைந்தார்.