பீம் பேசினால் கோடு போடுகிறவர்

பீமை உடைக்கும் முன்பு அதன் அடியில் ஒரு பழைய சாக்கை விரித்துவிடுவார் கோடு அண்ணன். அது சோதனைக்கூடத்துச் சட்டம் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் லீவு போட்ட அன்று சாக்கு இல்லை. சிதறிய சில்லுகளை முட்டி வலியோடு குனிந்து பொறுக்கியபோதுதான், அது எனக்காக விரித்தது என்று புரிந்தது.

நான் அங்கே பெருக்குகிறவள். விதவிதமான கான்கிரீட்டில் கம்பி வைத்து வார்த்த பீம்களை, எவ்வளவு தாங்கும் என்று பார்க்க மெஷினில் ஏற்றி உடையும்வரை அழுத்துவார்கள். அண்ணன் முன்னதாகவே அவற்றுக்குச் சுண்ணாம்பு பூசிவிடுவார். வெள்ளையில்தான் விரிசல் கண்ணில் படும். விரிசல் ஓட ஓட, கூடவே பென்சிலால் கோடு போடுவார். பெயர் வந்தது அப்படித்தான். விரிசல் விட்டது என்று அவர் சொல்ல மாட்டார். "பேசுது" என்பார்.

"சாதா கான்கிரீட் அதிகம் பேசாது தங்கச்சி. பேசினா வாயை அகலமாத் திறக்கும். நார் கலந்தது என்னை மாதிரி. மெலிசா தொணதொணத்துட்டே இருக்கும், சட்டுன்னு விழாது."

"அண்ணி பாவம்" என்பேன்.

மகள் பிரசவமாகி ஆஸ்பத்திரியில் இருந்தபோது எங்கள் வீட்டுக் கூடத்து பீமில் விரிசல் தெரிந்தது. "இதுக்குக் கீழ பச்சைக் குழந்தையைப் படுக்க வைக்க மாட்டேன் அத்தை" என்று மருமகன் சொல்லிவிட்டார். அவர் சொன்னதும் நியாயம்தான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அண்ணனிடம் சொன்னேன். சோதனைக்கூடத்து இன்ஜினியர் அம்மாவையும் கையோடு கூட்டி வந்தார். அந்த அம்மா தட்டிப் பார்த்து, "மயிரிழைதான். ஆனா வளருதான்னு பார்த்துட்டுத்தான் சொல்லுவேன்" என்றார். அண்ணன் ஸ்டூலில் ஏறி, விரிசல் முடிகிற இடத்தில் ஒரு கோடு போட்டார்.

என் வீட்டுக்காரருக்குப் பேரன் பிறந்த சந்தோஷம். வீடு பளிச்சென்று இருக்கட்டும் என்று கூடம் முழுக்க வெள்ளை அடித்துவிட்டார். விரிசலையும் காணோம், கோட்டையும் காணோம்.

"உங்க கையைக் கட்டித்தான் போடணும்!" என்று கத்தினேன்.

"பிரஷ் போன வேகத்துல கோடு தெரியலடி" என்று திருதிருவென விழித்தார்.

அண்ணன் வந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "மச்சான், என் வேலையையும் சேர்த்துச் செஞ்சுட்டீங்க! இனிமே அது பேசினா வெள்ளையில தெரிஞ்சிடுமே!"

அதன்பின் வேலை முடிந்து போகிற வழியில் தினமும் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார். நான் சாமி கும்பிடும்போது பீமுக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டேன். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. இன்ஜினியர் அம்மா மறுபடி வந்து பார்த்து, பயமில்லை என்றார். அதுவரை தன் வீட்டில் வைத்திருந்த குழந்தையை மருமகனே தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

ஓய்வு பெற்று மகனோடு இருக்கப் போகுமுன் அண்ணன் சொல்லிக்கொள்ள வந்தார். சாக்கு விரிக்கச் சொல்லி, தன் இடத்துக்கு வந்தவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். பேரன் பாயில் கைகாலை உதைத்துக்கொண்டிருந்தான். அண்ணன் மேலே பார்த்தார், கீழே பார்த்தார்.

"மேல இருக்கறது பேசினா இன்ஜினியர் அம்மாகிட்ட சொல்லுங்க தங்கச்சி. கீழ இருக்கறவன் பேசினா எனக்குச் சொல்லுங்க."