செசிலியம்மாள் கையிலிருந்து நழுவிய குழல்கள்

போன நத்தார்ப் பண்டிகை, கிறிஸ்து பிறப்பு விழா, முடிந்த கையோடு என் குரல் கரகரத்தது. பிறகு இருமலில் இரத்தம் வந்தது. வீட்டில் சொல்லவில்லை.

பிரெஞ்சு நாட்டில், லாச்சப்பல் பகுதியில் கூடும் எங்கள் தமிழ்ச் செபக்குழுவில், பெரிய வெள்ளி ஒப்பாரியைப் பதினொரு வருடம் நான்தான் பாடினேன். ஒரு வரிகூட யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. டாக்டர் பாட வேண்டாம் என்றால்? அந்தப் பயத்தில் மல்லி அவித்துக் குடித்தே நாளைக் கடத்தினேன். பாஸ்கு, உயிர்ப்புத் திருவிழா, முடியட்டும் என்று இருந்தேன்.

நான் ஓர் அருங்காட்சியகத்தில் துப்புரவு வேலை செய்கிறேன். என் பகுதியில் ஐந்நூறு வருடப் பழைய ஓவியம் ஒன்றின் பிரதி இருக்கிறது. பாடகர்களின் பாதுகாவலியான புனித செசிலியா நிற்கிறார். மேலே வானதூதர்கள் பாடுகிறார்கள். அவர் கையிலுள்ள சிறிய ஆர்கனின் குழல்கள் கழன்று நழுவுகின்றன. காலடியில் உடைந்த வாத்தியங்கள். தினமும் தரை துடைத்துவிட்டு, "அம்மா, என் குரலைத் தாருங்கள்" என்று மன்றாடினேன். ஆனால் பயம்தான் கூடியது. நேற்றைவிட இன்று குழல் இன்னும் இறங்கியிருப்பதுபோல் தெரியும். அடுத்து விழுவது நான்தான் என்று நினைப்பேன்.

விபூதிப் புதனுக்கு மறுநாள். கூட வேலை செய்யும் சிவநாதன் அண்ணை பின்னால் வந்து நின்றார். சார்செல் புறநகரில் இருந்து வருபவர், சைவ சமயக்காரர்.

"என்ன பிள்ளை, ஒவ்வொரு நாளும் இவவோட கதை?"

"குரல் கேக்கிறன் அண்ணை." வெறும் காற்றுத்தான் வந்தது.

அவர் படத்தை உற்றுப் பார்த்தார். "இவ எங்கை பாடுறா? வாயை மூடிக்கொண்டு மேலை பாடுறதையெல்லோ கேட்டுக்கொண்டு நிக்கிறா. நீரும் வாயை மூடிக்கொண்டு டொக்டரிட்டைப் போம். இண்டைக்கே ரொந்தேவு எடும், எப்ப வரலாமெண்டு கேளும்."

அந்த மூடிய வாயை நான் பார்க்கவே இல்லை. ஆண்டவர் ஒரு சைவக்காரர் வாயால் என்னை ஏசினார்.

அன்றே டாக்டரிடம் நேரம் கேட்டுப் போய்ப் பரிசோதித்தேன்: குரல்நாணில் புற்றுநோய். "இன்னும் பிந்தியிருந்தால் உயிருக்கே ஆபத்து. இப்போது வெட்டி எடுக்கலாம், பாட்டுக் குரல் திரும்பாது" என்றார் டாக்டர். அறுவை மேசையில் கிடந்தபோது, "குரலை எடுத்துக்கொள்ளும் ஆண்டவரே, உயிரை விட்டுவையும்" என்று செபித்தேன். கேட்டதைத் தந்தார். நோய் முழுதாக நீங்கியது என்று பரிசோதனை சொன்னது.

பெரிய வெள்ளியன்று, எங்கள் குழுவில் நான் இத்தனை வருடம் பாடவிடாமல் தள்ளிவைத்திருந்த நிர்மலா ஒப்பாரி பாடினாள். நடுவில் தடுமாறினாள். சனம் முழுவதும் சேர்ந்து பாடி அவளைத் தூக்கிவிட்டது. பதினொரு வருடம் அந்தப் பாட்டால் மற்றவர்களை அழவைத்தேன். அன்றுதான் நான் அழுதேன்.

பேச முடியாததால் என் சாட்சியத்தை எழுதித் தருகிறேன். நிர்மலா செபக்குழுவில் வாசிப்பாள். சகோதரங்களே, ஆண்டவரை நம்பிச் செபியுங்கள், செபித்த கையோடு டாக்டரிடமும் போங்கள். ஆண்டவர் யார் வாயால் பதில் சொன்னாலும் கேளுங்கள்.