செம்பனுக்கு வீடு பார்த்த கதை

கதிரவெளி அன்னப்பூரணிக்கு மறதி கிடையாது. சிறு வயதில் தன் பின்னலை இழுத்தவனை, அவனுக்குப் பிள்ளை குட்டிகள் ஆன பிறகு, கோயில் திருவிழாவில் எல்லாரும் பார்க்கத் தலையில் குட்டியவள் அவள்.

போரில் ஷெல்லடி தாங்காமல் கதிரவெளி, வாகரைச் சனம் காட்டுவழியே நடந்து வந்த வருடம், அவளோடு வந்தது செம்பன் மட்டும்தான். புருசனைக் கடல் கொண்டுபோன பிறகு அந்த நாயைத் தவிர வீட்டில் வேறு உயிர் இல்லை. அகதி முகாமில் நாய்க்கு இடமில்லை என்றார்கள். மட்டக்களப்பு டவுனில் நாய்க் காப்பகம் நடத்திய பஸ்தியாம்பிள்ளை, ஊர் திரும்பும்வரை வைத்திருப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார். வெளிநாட்டுக்காரர் வந்து படமெடுத்துப் போகும் இடம் அது. ‘நல்ல வீடு தேடிக் கொடுக்கிறோம்’ என்று வாசலில் பலகை.

முகாமிலிருந்து வெளியே போக விடத் தொடங்கியதும் பார்க்கப் போனாள். நாய் இல்லை. நாய்கள் பெருகிவிட்டன, நல்ல மனிதர் ஒருவர் கேட்டார், கொடுத்தாயிற்று என்றார் பஸ்தியாம்பிள்ளை. எங்கே என்று கேட்டதற்கு வாவிக்கரைப் பக்கம் கையை வீசினார். ஏதோ மீன்வாடியாம், மீன்காரர் கொட்டில். அவர் போய்ப் பார்த்ததில்லை.

வாடி வாடியாகத் தேடினாள். ஒன்றின் பின்புறம், கட்டுக்கம்பியில் கட்டப்பட்டுக் கிடந்தது செம்பன். கம்பி கழுத்துச் சதைக்குள் இறங்கியிருந்தது. புண்ணில் புழு. சாகப்போகிற நாயைக் கொண்டுபோ என்றான் வாடிக்காரன். அவள் கம்பியைக் கழற்றி முந்தானையில் முடிந்தாள். நாயைச் சுமந்துபோய் பஸ்தியாம்பிள்ளையின் வீட்டு விறாந்தையில் கிடத்தினாள்.

"முகாமில இடமில்ல ஐயா. நீங்களே வச்சிரிங்க. நான் பார்க்க வருவன்."

வந்தாள். ஞாயிறு பூசை முடிந்து அவர் வீட்டில் ஆட்கள் கூடும் நேரமாகப் பார்த்து வந்தாள். கழுத்துப் புண்ணைப் பார்த்தாள். தண்ணீர்ச் சட்டியில் விரல் விட்டாள். இது நேற்றைய தண்ணீர் என்று சொல்லிவிட்டு, அவர் எழுந்துபோய் மாற்றும்வரை நின்றாள். வாராவாரம் இதுதான். கடைசியில் அவர் மனைவி மேர்சியே சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

மீள்குடியேற்றம் என்று அறிவித்ததும், நாயைக் கொண்டுபோகும்படி கும்பிடாத குறையாகக் கேட்டார் பஸ்தியாம்பிள்ளை.

"அப்பிடித் தரலாமா ஐயா? வந்து எண்ட வீடு வளவப் பாருங்க. நல்லாரிந்தாத் தாங்க."

"பகிடி விடாத புள்ள. கதிரவெளிக்கு எத்தின ஆமிச் சென்றி தாண்டோணும்?"

"வாடி கிட்டத்தானே இரிந்திச்சி. அதுக்கும் நீங்க போகல்லியே."

மேர்சிதான் உள்ளே போய் அவருடைய குடையை எடுத்துவந்து கொடுத்தாள்.

அவள் ஊருக்குப் போய்ச் சில வாரங்களில் காப்பகத்து வான் வண்டியில் செம்பனை ஏற்றிக்கொண்டு அவர் புறப்பட்டார். ஒவ்வொரு சென்றியிலும் அவரையும் இறக்கினார்கள், நாயையும் இறக்கினார்கள். நாய்க்கு வீடு பார்க்கப் போவதாக அவர் சொன்னதை எந்த ஆமிக்காரனும் நம்பவில்லை.

அவள் வீட்டுக்குக் கூரை இல்லை. வேலி மட்டும் புதிது. வெயிலில் அவரை வேலியின் நாலு பக்கமும் நடத்திக் காட்டினாள், படலையைத் திறந்து மூடிக் காட்டினாள். அவர் தண்ணீர் கேட்டார். அவள் சட்டியில் வார்த்துச் செம்பனுக்கு வைத்தாள். அது ஆற அமரக் குடித்தது. அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்ப சொல்லுங்க ஐயா. தரலாமா?"

"தரலாம்."

அதற்குப் பிறகுதான் அவருக்குக் கோப்பையில் தண்ணீர் வந்தது. அவர் குடித்து முடித்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்து, அந்தக் கம்பியை அவர் கையில் வைத்தாள்.

"உங்கட வாசல் பலகையில கொழுவுங்க."

கம்பியை மாட்டினாரா என்று பார்க்க அடுத்த மாதம் டவுனுக்குப் போனாள். கொழுவியிருந்தது. அப்படியும் உள்ளே போய், ஒவ்வொரு தண்ணீர்ச் சட்டியிலும் விரல் விட்டுப் பார்த்தாள்.