417-ம் எண் சாவி வில்லை

என் அக்கா வீட்டுக்காரருக்குத் தெருவில் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. பழைய லாரிகளின் அசல் சாவி வில்லைகளை வாங்கி விற்பது அவர் தொழில். புது லாரி வாங்கும்போது கம்பெனிக்காரன் சாவியோடு தருவானே, எண் பொறித்த பித்தளை வில்லை, அதுதான். ஐம்பது வருஷத்து லாரியைத் தேடிப்பிடித்துப் புதுசாக்குகிறவர்களுக்கு அது கைக்கு வரும்வரை தூக்கம் வராது. போலி அடிப்பவர்களும் அதனாலேயே பெருகிவிட்டார்கள்.

மாமா எவனையும் நம்பமாட்டார். கடைக்கு வருகிறவன் வணக்கம் சொன்னால் எதற்குச் சொன்னான் என்று யோசிப்பார். அக்கா கொடுக்கும் டீயைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். பதினொரு வருஷமாக அவர் கடையில் மாடாக உழைக்கிறேன். கடைச் சாவியை ஒருநாளும் என் கையில் தந்ததில்லை. எரிச்சல் வராதா மனுஷனுக்கு?

வந்தாலும் வாயைத் திறக்க முடியாது. சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறதே 417-ம் எண் வில்லை, அது வேலைக்குச் சேர்ந்த அன்று நான் கொடுத்தது. அடித்தவனும் நான்தான். பழைய இரும்புக் கடையில் கிடந்த ஒரு லாரியில் எண்ணைப் பார்த்து, பித்தளைத் தகட்டில் பொறித்து, துளையை அரத்தால் தேய்த்து, அசல் என்று நீட்டினேன். அவரிடம் நல்ல பேர் வாங்க வேறு வழி தெரியவில்லை. லென்ஸ் வைக்காமல் அவர் வாங்கிக்கொண்ட ஒரே பொருள் அது.

போன வாரம் ஒரு டீச்சரம்மா வந்து கைக்குட்டையைப் பிரித்தார். உள்ளே இன்னொரு 417.

"எங்கப்பா ஓட்டின லாரிங்க. ஒருத்தர் வாங்கிப் புதுசாக்கியிருக்கார். நீங்க அசல்னு சொன்னாதான் இதை அதுல மாட்டுவேங்கிறார்."

மாமா லென்ஸை எடுத்தார். டீச்சரம்மாவின் வில்லையில் துளையின் மேல்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தது. வருஷக்கணக்காக வளையத்தில் தொங்கினால் அங்கேதான் தேயும். நான் சுற்றிலும் தேய்த்து வைத்திருந்தேன், முட்டாள்.

"ஒரே நம்பர்ல ரெண்டு இருக்காதும்மா. இதை எங்க செஞ்சீங்க?"

"செய்யறதா? அப்பா சாவிக்கொத்துல இருந்ததுங்க."

"மாப்ள, நீ சொல்லு. எது அசல்?" மாமாவின் பார்வை என் முகத்தைவிட்டு நகரவில்லை.

"சுவத்துல இருக்கிறதுதான் மாமா."

டீச்சரம்மா சண்டை போடவில்லை. "எங்கப்பா பொய் சொல்றவர் இல்லீங்க," என்று மட்டும் சொன்னார். வில்லையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு திரும்பினார். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. அவர் படியில் கால் வைத்தபோது சொல்லிவிட்டேன்.

"நில்லுங்கம்மா. உங்களுதுதான் அசல். சுவத்துல இருக்கிறது நான் அடிச்சது."

மாமா 'அசல்' என்று சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டார். டீச்சரம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைத்தார். பிறகு சட்டத்தைச் சுவரிலிருந்து இறக்கினார்.

"நீ கொடுத்த அன்னைக்கே தெரியும் மாப்ள. நீயா சொல்றியான்னு பார்த்துக்கிட்டிருந்தேன்."

"பதினொரு வருஷமாவா?"

"அவசரப்பட்டா எனக்கு எதுக்குப் பூதக்கண்ணாடின்னு பேரு?"

"நான் சொல்லாம இருந்திருந்தா?"

"அந்தம்மாவை நானே திருப்பிக் கூப்பிட்டிருப்பேன். உன்னை வேலையை விட்டு அனுப்பியிருப்பேன்."

அந்தப் போலி வில்லையைக் கடைச் சாவியில் கோத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"நாளைக்குக் காலையில நீ வந்து திற."