வாளுக்கு ஒரு பொட்டு

அப்பாவுக்குக் கோபம் வருவதற்குக் காரணம் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் அந்த வருடத்து ஆயுத பூசையன்று வந்த கோபத்துக்குச் சரியான காரணம் இருந்தது. நெடுங்கேணியில் எங்கள் முற்றத்தில் மண்வெட்டி, கோடரி, உழவு மெசின் எல்லாம் சந்தனமும் குங்குமமுமாகப் புதுமாப்பிள்ளை போல நின்றன. சித்தப்பா சைக்கிள் பம்புக்கும் ஒரு பொட்டு வைத்தார். அதைக் கண்டதும் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"பம்புக்கும் பொட்டு வைக்கிறியள். அரசன்ரை வாள் அங்கை மூளியாக் கிடக்குது. ஆருக்கும் கவலையில்லை."

வெள்ளைக்காரனோடு மோதிய எங்கள் வன்னி அரசனின் வாள், வவுனியாவில் ஒரு சின்ன நூதனசாலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அவருடைய படையில் எங்கள் முன்னோர் ஒருவர் முன்வரிசையில் நின்றார் என்பது அப்பாவின் கட்சி. அவர் யானைக்குத் தண்ணீர் காட்டியவர் என்பது அம்மாவின் கட்சி. எனக்கு இரண்டுமே பெருமைதான்.

மறுநாள் காலை அப்பா என்னையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். சந்தனச் சிமிழ் என் மடியில் இருந்தது. வாளுக்குப் பொட்டு வைக்காமல் திரும்புவதில்லை என்று அம்மாவிடம் சபதம் செய்துவிட்டுப் புறப்பட்டிருந்தார். தவறினால் அம்மா அதை ஆயுள் முழுக்கச் சொல்லிக் காட்டுவார் என்பது ஒன்பது வயதான எனக்கே தெரியும்.

நூதனசாலை வாசலில் அப்பா, கோயிலுக்குள் போவதுபோலச் செருப்பைக் கழற்றினார். நானும் கழற்றினேன். உள்ளே ஒரு சிங்களக் காவலாளி, கறுப்புச் சப்பாத்து டக் டக்கென்று ஒலிக்க, எங்கள் பின்னாலேயே வந்தார். கொஞ்சம் தமிழ் தெரிந்தவர். சிமிழைக் கண்டதும் கையை நீட்டித் தடுத்தார்.

"தொட ஏலாது ஐயா. உத்தரவு இல்ல."

கெஞ்சத் தெரியாத அப்பா அன்று கெஞ்சினார். "நேற்று ஆயுத பூசையெல்லோ. எங்கடை அரசன். ஒரேயொரு பொட்டு."

காவலாளி வாளைப் பார்த்தார். "தோத்துப்போன ராசாதானே?"

"ஓம், தோத்தவர்தான். ஆனா ஓடேல்லை."

தானே முன்வரிசையில் நின்றவர்போல அப்பா அதைச் சொன்னார். எனக்கு முதுகு தானாகவே நிமிர்ந்தது.

காவலாளி வெளியே போனார். சப்பாத்துச் சத்தம் வாசல்வரை கேட்டு நின்றது.

"இப்ப வை பிள்ளை," என்றார் அப்பா மெதுவாக.

பெட்டி பூட்டியிருந்தது. கீழே மரச்சட்டத்தில், வாளின் நுனிக்கு நேரே, மோதிரவிரலால் பொட்டு வைத்தேன். அவசரத்தில் அது கொஞ்சம் கோணலாகிவிட்டது. திரும்பினால் காவலாளி நிற்கிறார். எப்போது வந்தார் என்றே தெரியவில்லை. காலடிச் சத்தம் கேட்கவேயில்லை. எனக்கு உயிர் போய் வந்தது. நல்லவேளை, அவர் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். நாங்கள் வெளியேறும்வரை திரும்பவேயில்லை.

வாசலில் எங்கள் செருப்புகளுக்குப் பக்கத்தில் அந்தக் கறுப்புச் சப்பாத்துகள் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. அப்பா அவற்றைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

காவலாளியை ஏமாற்றி அரசனின் வாளுக்குப் பொட்டு வைத்தவள் நான் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அவர் ஏன் சப்பாத்தைக் கழற்றினார் என்று கேட்ட பிள்ளைகளுக்கும் என்னிடம் பதில் இருந்தது. பாவம், புதுச் சப்பாத்து, காலைக் கடித்திருக்கும்.